சைடு கொடுத்தவன்

நீ லைட் அடித்தாய். கடைசிச் சுற்றில், கடைசிக்கு முந்தின வளைவுக்கு முன்னால், என் பின்னால் ஒரு கார் நீளம்கூட இடைவெளி இல்லாமல் வந்து, இரண்டு முறை அடித்தாய். முகப்பு விளக்கு உடைந்தால் கண்ணாடித் துண்டு தடத்தில் சிதறக் கூடாது என்று எல்லோரும் அதன்மேல் டேப் ஒட்டியிருப்போம். அந்த டேப்பையும் மீறி வெளிச்சம் என் கண்ணில் விழுந்தது. நான் ஒதுங்கினேன். நீ முந்திப் போய்க் கோப்பை வாங்கினாய். நான் பந்தயத்தை உனக்கு விற்றுவிட்டேன் என்று அன்றிலிருந்து பேசுகிறார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் நீ. வாயைத் திறக்காமல் இருக்கிறாய்.

பத்திரிகையில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. தெரிய வேண்டிய அளவுக்கு நான் எதையும் ஜெயித்ததில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலைக்குப் பஸ் ஓட்டுகிறேன். காலை ஷிப்டுக்கு ஆரணியில், பட்டுச்சேலை ஆரணி இல்லை, எங்கள் பக்கத்து ஆரணியில், ஆரம்பித்து வழியெல்லாம் ஆட்களை ஏற்றி ஆலை வாசலில் இறக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை. வருடத்தில் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் டூரிங் கார் பந்தய ஓட்டுநர். உடனே பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். நீங்கள் கடைக்கு எடுத்துக்கொண்டு போகிற அதே கார்தான். பின் சீட்டைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயால் ஒரு கூண்டு கட்டி, கதவில் பெரிதாக எண் ஒட்டியிருப்பார்கள். கூண்டுக்குள் இருந்த பிராணி நான்.

என்னை அதற்குள் ஏற்றியவர் திருவள்ளூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். அவர் வீட்டில் எல்லோரும் கோயில் கைங்கர்யம் செய்கிறவர்கள். இவர் மட்டும் எஞ்சின் பக்கம் வந்துவிட்டார். நெற்றியில் திருமண், நகத்தில் கிரீஸ். நாங்கள் சாமி என்றுதான் கூப்பிடுவோம். ஆலை பஸ்ஸின் எஞ்சின் வேலைக்காக அவரிடம் போய்வந்த பழக்கம். அவருடைய பந்தயக் காரை ஓட்டுகிறவர் கை உடைந்து கிடந்த நேரத்தில், "பஸ்ஸையே இப்படி வளைக்கறியே, காரை வளைக்க மாட்டியாடா?" என்று கேட்டார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். நான்கு பேரிடம் கேட்டு நான்கு பேரும் மறுத்த பிறகு என்னிடம் வந்தார் என்பது பிறகு தெரிந்தது.

முதல் வருடம் நான் ஓட்டிய லட்சணத்தைப் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அதனால் பொய் சொல்ல முடியாது. பஸ்ஸில் பாதிப் பேர் கையில் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டு வருவார்கள். பிரேக்கைப் பட்டென்று மிதித்தால் குழம்பு கொட்டும். குழம்பு கொட்டினால் என் பரம்பரையையே இழுத்து வைவார்கள். ஆகவே என் கால் பிரேக்கை மிதிக்காது, தடவும். டிராக்கிலும் தடவினேன். மற்றவர்கள் வளைவுக்குள் நுழையும்போது பிடிக்கிற பிரேக்கை நான் வளைவு கண்ணில் பட்டதுமே பிடித்தேன்.

"பின்னாடி யாருடா உக்காந்திருக்கா? யாருக்காக இவ்ளோ பதமா பிடிக்கற?" என்றார் சாமி.

"யாரும் இல்ல சாமி."

"அப்புறம்? குழம்பா கொட்டிடப் போறது?"

"எப்டி சாமி கரெக்டா சொல்றீங்க?"

அவர் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நெருப்புப் பிடிக்காத உடுப்பு யாரோ போட்டுக் கழித்தது. நெஞ்சில் அந்த ஆளின் ரத்த வகை தைத்திருந்தது. எனக்கு அடிபட்டால் அவன் ரத்தத்தை ஏற்றி என்னைக் கொன்றிருப்பார்கள். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி என்னுடையதைப் பேனாவில் எழுதினேன். இரண்டு சுற்றில் வேர்வையில் அழிந்துவிடும். வீட்டில் ஒருமுறை போட்டுக் காட்டினேன். என் மனைவி மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா இது, கோணிப் பைக்குக் கை வச்ச மாரி கீது? இத போட்டுக்கினு என் பக்கத்துல வந்து நிக்காத" என்றாள்.

மூன்று வருடம் ஓட்டினேன். எட்டாவது வந்தேன், பதினொன்றாவது வந்தேன். ஒருமுறை டயர் அடுக்கிய சுவருக்குள் போய் நின்றேன். ஒருமுறை முன்னால் ஆபத்துக்கான மஞ்சள் கொடி காட்டுகிறார்கள் என்று வேகத்தைக் குறைத்து நான்கு பேரை முன்னால் விட்டேன். அது கொடி இல்லை. ஓரமாக நின்ற ஒருவர் மஞ்சள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தோற்ற பந்தயங்கள் எல்லாமே என் சொந்த உழைப்பு. ஒன்றுக்குக்கூட வெளியார் உதவி கிடையாது. அதனால்தான் விற்றான் என்ற சொல் எனக்கு இப்படி எரிகிறது.

போன பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் நான் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். எப்படி என்று கேட்பீர்கள். முன்னால் போன மூன்று பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு மணலுக்குள் போனார்கள். அவர்களோடு சிக்கிக்கொள்ளாத அளவுக்குப் பின்தங்கி இருந்தது மட்டுமே என் திறமை. மூன்று சுற்று பாக்கி. எனக்குப் பின்னால் நீ.

உன் பெயரைச் சொல்லமாட்டேன். உன் குடும்பத்துக்கு டேங்கர் லாரிகள் இருக்கின்றன. அவை ஓடுவதும் நான் பஸ் ஓட்டுகிற அதே கொல்கத்தா நெடுஞ்சாலையில்தான். நீயே சில வருடம் டேங்கர் ஓட்டியிருக்கிறாய். அந்த ரோட்டில் பின்னால் வருகிறவன் லைட் அடித்தால் சைடு கேட்கிறான் என்று அர்த்தம். இடப்பக்கம் ஒதுங்கி, இடது இண்டிகேட்டரைப் போட்டால் போ என்று அர்த்தம். இரும்புச் சுருள் ஏற்றின டிரெய்லர் பின்னால் வந்து லைட் அடிக்கும்போது ரோஷம் பார்க்கிறவன் வீட்டில், மாலை போட்ட போட்டோவாகத் தொங்குவான். பன்னிரண்டு வருடம், ஒரு நாளைக்கு இருபது முப்பது முறை, நான் ரோஷம் பார்க்காமல் சைடு கொடுத்திருக்கிறேன்.

அன்றைக்கும் கொடுத்தேன். அது வலது வளைவு. ஜெயிக்க நினைக்கிறவன் வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு போக வேண்டும். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். நீ லைட் அடித்தாய். என் கை இண்டிகேட்டரைத் தட்டியது, கார் தானாக இடப்பக்கம் ஒதுங்கியது. கை வெளியே போகாமல் இருக்க ஜன்னலில் வலை கட்டியிருந்தது. இல்லாவிட்டால் கையையும் நீட்டிப் போ போ என்று ஆட்டியிருப்பேன். நீ உள்பக்கமாகப் புகுந்து என்னைத் தாண்டும்போது வலது கையைத் தூக்கிக் காட்டினாய். நெடுஞ்சாலையில் சைடு வாங்கினவன் காட்டுவானே, அதே மாதிரி. அடுத்த வளைவில்தான் எனக்கு உறைத்தது. சுதாரிப்பதற்குள் முடிவுக் கொடி விழுந்துவிட்டது. இண்டிகேட்டர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

சாமி காரின் கதவைத் திறந்தார். "என்னடாப்பா பண்ணின?"

"சைடு குடுத்துட்டேன் சாமி."

"யாருக்கு?"

"பின்னாடி வந்தவனுக்கு. லைட்டு அடிச்சான்."

அங்கே கிடந்த பழைய டயரின் மேல் அவர் உட்கார்ந்தார். "பெருமாளே" என்றார்.

அன்று மாலையே யாரோ எடுத்த வீடியோ ஓட்டுநர்களின் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. என் இண்டிகேட்டர் மின்னுகிறது, நீ கையைத் தூக்குகிறாய். கீழே ஒருவன், "டீல் முடிஞ்சுது, தேங்க்ஸ் சொல்றான்" என்று எழுதியிருந்தான். மறு வாரம் பந்தயக் கமிட்டியிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

ஏசி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். நடுவில் இருந்தவர், "இண்டிகேட்டர் ஏன் போட்டீங்க?" என்று கேட்டார்.

"சைடு குடுத்தேன் சார்."

"இது ரேஸ்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும் சார். கைக்குத் தெரியல."

ஒருவர் சிரித்துவிட்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. "மூணு வருஷம் ரேஸ் ஓட்டினவன் யாரும் இவ்வளவு முட்டாளா இருக்க முடியாது" என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து என்னை முட்டாள் என்று சொல்லாத ஆள் கிடையாது. சான்றிதழ் தேவைப்பட்ட ஒரே நாளில், தகுதி போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முந்திப் போனவர் வந்து இதையே சொன்னால் வழக்கை முடித்துவிடலாம், அதுவரை பந்தய லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படுகிறது என்றார்கள்.

பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரிய இரண்டு நாள் ஆனது. பிறகு எந்த லாரி பின்னால் லைட் அடித்தாலும் கடைசி சீட்டிலிருந்து குரல் வரும்: "நைனா, கேக்குறான் பாரு, கப்ப எடுத்துக் குடு!" பஸ்ஸே சிரிக்கும். நானும் சிரித்தேன். நியாயமான கிண்டல்தானே. ஒரு நாள் ஆலை வாசலில் எல்லோரும் இறங்கின பிறகு, ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற ஒருவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வாங்குனது தப்பே இல்ல. பெரிய மன்சங்க ஆட்டம், நாம ஜெயிச்சி இன்னா ஆவப் போவுது? ஊடு ஒண்ணு கட்டிக்கோ" என்றார். தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் கிண்டல் செய்யவில்லை, மனதார வாழ்த்தினார்.

என் மனைவி ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்த லைசென்ஸு போனா பஸ்ஸு லைசென்ஸும் பூடுமா?"

"அது வேற, இது வேற."

"அப்ப வுடு. எதுக்கு பேஜாரு?"

சாமியின் யோசனை அதைவிட மோசம். "வித்தேன்னே ஒத்துண்டு போயிடேன்டா. திருட்டுப் பயலுக்குக் கார் கொடுத்தேன்னா ஏமாந்துட்டான்னுவா. சைடு கொடுக்கறவனுக்குக் கார் கொடுத்தேன்னா என் ஒர்க்‌ஷாப்புக்கு எவன்டா வருவான்?"

ஆக, என்னைத் திருடன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லாதவர் யாரும் மிச்சமில்லை. அதற்குப் பிறகுதான் உன்னைத் தேடி வந்தேன். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் உன் டேங்கர்கள் நிற்கிற இடத்தில், டிரைவர்களோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாய்.

"இன்னாண்ண நீ, ரேஸ்ல போயி சைடு குடுக்குற?"

"நீ லைட்டு அடிச்ச."

"அடிச்சேன். பழக்கம்ண்ண. நீ ஒதுங்குவன்னு கனவா கண்டேன்? நீ பாட்டுக்கு லெப்டு இண்டிகேட்டரப் போட்டுட்ட. நானே பயந்துட்டேன்."

"கையத் தூக்குனியே?"

"அதுவும் பழக்கம்தான். சைடு குடுத்தவனுக்குத் தூக்காம போவ முடியுமா?"

"இத கமிட்டில வந்து சொல்லு. லைசென்ஸ நிறுத்தி வச்சிக்கிறாங்க."

நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "அது எப்டிண்ண? நான் ஜெயிச்சவன். லாரிக்காரன் மாரி சைடு கேட்டு வாங்கித்தான் ஜெயிச்சேன்னு சொன்னா ஊரே சிரிக்கும். ஸ்பான்ஸர் போயிடுவான். ஒரு வருசம் போனா எல்லாரும் மறந்துடுவாங்க. நீ வேணா நம்ம டேங்கர் ஓட்ட வந்துடேன்."

நான் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. பஸ்ஸை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தேன், இரண்டாவது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

அன்றைக்கு நீ சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு லாரி ரோட்டு ஆட்கள் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்து, ஒருவன் சைடு கேட்டான், ஒருவன் கொடுத்தான். முட்டாள்தனத்தில் சரிபாதி உன்னுடையது. என் பாதியை நான் கமிட்டியில், பஸ்ஸில், வீட்டில், இப்போது அச்சிலும் சுமந்தாகிவிட்டது. உன் பாதிக்கு உனக்குக் கோப்பை கொடுத்திருக்கிறார்கள். கோப்பையை நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம். உன் பாதியை வந்து எடுத்துக்கொண்டு போ.

அடுத்த மாதம் வருடாந்திரப் பரிசளிப்பு. மேடையில் உன்னை ஏற்றுவார்கள், கையில் மைக் கொடுப்பார்கள். லைசென்ஸ் இல்லாதவன் பார்வையாளர் வரிசைக்கு வரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் எழுந்து நிற்பேன். பதில் யோசிக்க நேரம் இருக்கட்டும் என்று கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னைத் தாண்டும்போது கையைத் தூக்கினாயே, எதற்காகத் தூக்கினாய்? டேங்கர் நிற்கிற இடத்தில் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னதைக் கமிட்டிக்காரர்கள், சாமி, என் மனைவி, அந்த வீடியோவைப் பரப்பினவன் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மைக்கில் சொல்.