ஒரு ஆதாருக்கு ஒரு லென்ஸ்

ஈர மணலில் மீன் செதிள் வாடை... கொள்ளிடக் கரையில் அந்த வாடை மூக்கில் ஏறிவிட்டால் நானும் சாதிக்கும் பேச்சை நிறுத்திவிடுவோம். நீர்நாய் பக்கத்தில்தான் எங்கேயோ மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

முக்கொம்புக்குக் கீழே நாணல் மண்டிய ஒரு மணல்திட்டு. மார்கழிப் பனியில் கால் விரல் மரத்துப்போகும். எனக்கு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல ஓரிடத்தில் இருக்க முடியாது. படுப்பேன், எழுந்து எட்டிப் பார்ப்பேன், கேமராவில் நன்றாக இருக்கும் பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டுவேன்.

"ஒரு எடத்துல இரேன்டா மாப்ள. ஒன்னால மணலே நகருது" என்பான் சாதிக்.

நாங்கள் இருவரும் ஸ்ரீரங்கத்தில் ஒரே ஸ்டுடியோவில் கல்யாண போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அவன் வீடு பாலக்கரை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் எங்களுக்கு அந்த மாதம்தான் லீவு. ஊரே விடிகாலையில் கோயிலைப் பார்த்து வரும்போது நாங்கள் பைக்கில் எதிர்ப்பக்கம் போவோம்.

அந்த வருடம் சாதிக்குக்கு தோஹாவில் வேலை கிடைத்துவிட்டது. பொங்கல் முடிந்ததும் ஃப்ளைட்.

"ஒரே ஒரு நீர்நாய் படம்டா. மீசை முடி தெரியணும். அங்க ரூம் செவுத்துல ஒட்டி வெச்சுக்குறேன். ஊர்ல இருக்குறவன் கல்யாணத்தையெல்லாம் எடுத்தோம்... இத எடுக்காமப் போனா எனக்கு மனசே ஆறாது."

அவன் எதையும் இப்படி வாய்விட்டுக் கேட்டவனில்லை. அதனாலேயே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சிக்கல் லென்ஸில். ஸ்டுடியோ லென்ஸை ஆற்றுப் பக்கம் கொண்டுபோனால் ஓனர் கொன்றே போடுவார். தில்லை நகரில் ஒரு கடையில் வாடகைக்குத் தருவார்கள், ஆனால் அடமானமாக வைக்கும் ஒரு ஒரிஜினல் ஆதாருக்கு ஒரு லென்ஸ்தான். சாதிக்கின் ஒரிஜினல்கள் எல்லாம் விசா ஏஜென்ட் கையில். ஆக, எது எடுப்பதானாலும் ஒன்றே ஒன்று.

முதல் ஞாயிறு அவன் பேச்சைக் கேட்டு அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் எடுத்தோம். அக்கரையில் உட்கார்ந்திருக்கும் கொக்கின் கண்ணையே காட்டும், ஆனால் வெளிச்சம் குறைந்தால் திணறும். நீர்நாய்களோ சூரியன் வருவதற்கு முன்னால், பனிக்குள் வந்தன. அதுகள் ஒரு விநாடி சும்மா இருப்பதில்லை. எடுத்த அத்தனையிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ இழுபட்டுக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு என் முறை. 70-200. கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் டக்கென்று படத்தை நிறுத்திப் பிடிக்கும் லென்ஸ், ஆனால் தூரம் போகாது. அன்றைக்கென்று அதுகள் எதிர்த் திட்டில் ஏறிக்கொண்டன. படத்தில் ஐந்து மிளகு தெரிந்தது.

கடைசி ஞாயிறுக்கு எது? கடையில் நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டோம்.

"தூரத்துல இருக்குறத எப்புடிடா எடுப்ப?"

"ஆடிப்போன படத்த செவுத்துல ஒட்டுவியாடா நீ?"

கடைக்காரத் தம்பி சாவியை ஆட்டினார். "அண்ணே, ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணே. சாத்தணும்."

ஆதார் என்னுடையது. 70-200 வாங்கினேன். வண்டியில் ஏறியதிலிருந்தே, அவன் சொன்னதை எடுத்திருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

ஞாயிறு விடியலில் நாணலுக்குள் வயிற்றாலேயே ஊர்ந்து, தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்விட்டோம். வாடை வந்தது. அப்புறம் அதுகளே வந்தன... ஐந்து. பதினைந்து அடிகூட இருக்காது! பெரியது ஒன்று மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களுக்கு நேர் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்தது. வெளிச்சம் போதும். தூரமும் போதும். சாதிக்கின் விரல் என் தோளை அழுத்தியது.

முகம் மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

என்ன சொல்ல... எட்டு வருடப் பழக்கம். கேமராவைக் கீழே இறக்கி, இடது கையை உயர்த்தி, மண்டபத்துக்கே கேட்கிற குரலில் சொன்னேன்:

"சார்... கொஞ்சம் இங்க பாருங்க!"

பார்த்தன. ஐந்தும் பார்த்தன. அத்தனை மீசையும் என்னை நோக்கி நின்றது. கேமரா என் நெஞ்சுக்குக் கீழே இருந்தது.

தொபக், தொபக்கென்று ஐந்து சத்தம். அவ்வளவுதான்.

சாதிக் என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தான். பிறகு மணலில் புரண்டு புரண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பி வரும் வழியில் கொள்ளிடம் பாலத்தில், "பரவால்லடா, நேர்ல பாத்துட்டேன்ல" என்றான். அந்தப் பரவாயில்லை இன்னும் எனக்குள் உறுத்துகிறது.

இப்போது என்னிடம் இரண்டு லென்ஸுமே சொந்தமாக இருக்கின்றன. கேமராவும் புதிது, இருட்டையெல்லாம் பெரிதாக மதிப்பதில்லை. ஆனாலும் ஒன்றைப் பையில் வைத்தால், வீட்டில் விட்டுவந்ததுதான் சரியான லென்ஸ் என்று பாதி வழியில் தோன்றும். இரண்டு தடவை திரும்பிப் போய் மாற்றியிருக்கிறேன். வேண்டாம் என்று சண்டை போடத்தான் ஆளில்லை.

போன மார்கழியில் அதே திட்டு. ஒன்று வந்து மீனோடு உட்கார்ந்தது. முகம் கொஞ்சம் அந்தப் பக்கம். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை... உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். மீசை முடியை எண்ணலாம், அப்படி ஒரு படம். எடுத்ததும் காட்டுவதற்காகப் பக்கத்தில் திரும்பினேன். வெறும் மணல்.

அங்கிருந்தே தோஹாவுக்கு அனுப்பினேன். பதில் வாய்ஸ் மெசேஜாக வந்தது. முதலில் கொஞ்ச நேரம் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்தான். அப்புறம் அவன் குரல்.

"சூப்பர்டா மாப்ள... மீசை தெரியுது. ஆனா கேமராவப் பாக்கலையேடா. ஒரு கொரல் குடுத்திருக்கலாம்ல?"