மழை விட்ட மறுநாள் வந்த கருவி

மார்கழி பிறந்தால் என் மனைவிக்கு மூச்சு இழுக்கும். அந்த மாதத்தில் சத்துவாச்சாரியில் காற்றே அசையாது. நெடுஞ்சாலை லாரிகள் கிளப்பும் தூசியும், பின்தெருவில் ஷூ கம்பெனிக் கழிவுத் தோலை எரிக்கும் புகையும் வெயில் ஏறும்வரை எங்கள் தலைக்கு மேலேயே நிற்கும்.

காற்றை அளந்து பார்க்கச் சொல்லி மனுப் போட்டேன். காற்றுத் தூசியை அளக்கும் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான். எந்த விதியைச் சொன்னால் எந்த நாற்காலி நகரும் என்று தெரியும். மூன்று வாரம் ஒரு நாற்காலியும் நகரவில்லை. அப்புறம் புயல் சின்னம், இரண்டு நாள் அடைமழை. மழை விட்ட மறுநாள் காலை கருவியோடு ஜீப் வந்து நின்றது.

தற்செயல் என்று நம்ப நான் வேறு இலாகாவில் வேலை பார்த்திருக்க வேண்டும். மழை கழுவிய காற்றில் தூசி ஏது? ஆலைக்காரர்கள் மனம் நோகாமல் அளக்க, மழை விட்டதும் கிளம்பும் வழக்கத்தை அங்கே பழக்கியவனே நான்தான்.

"ஒரு வாரம் காயட்டுமேம்மா" என்றேன், வந்த இளம் அதிகாரியிடம்.

"நீங்கதான சார் அவசரம்னு எழுதியிருக்கீங்க? அடியில கோடு வேற போட்டிருக்கீங்க."

"பின்னால இன்னா எரியுதுன்னு பாத்தீங்களா?"

"எல்லாம் நனைஞ்சு கெடக்கு சார். ஒண்ணும் எரியல."

தூசி படிவதற்கு, முன்கூட்டியே எடை போட்ட வடிதாளைப் பொருத்தி, கருவியை என் மாடியில் வைத்து, என் வீட்டு ப்ளக்கிலேயே சொருகிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும். அளவு குறைவாக வந்தால் மனு முடிந்தது. தோல் எரிப்பு தொடரும், இவள் இழுப்பும் தொடரும்.

"இன்னாங்க, மேலயே பாத்துக்குனு நிக்கிறீங்க? இன்னிக்கு நல்ல காத்துதான வருது" என்றாள் மனைவி.

"அதான் பேஜாரு."

விதி மனப்பாடம். நடுவில் மின்சாரம் நின்றால் அன்றைய அளவு செல்லாது. ஒரு வாரத்துக்குள் வேறு நாளில் மறுபடி எடுக்க வேண்டும். கைப்பேசியில் வானிலையைப் பார்த்தேன். ஏழு நாளும் சூரியன்தான்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி, மெயின் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினேன். மாடியில் இரைச்சல் நின்றது.

"ஏங்க, கரன்ட்டு போய்ட்ச்சா?"

"போய்டுச்சு. சாயங்காலந்தான் வரும்" என்றேன். "அந்த விசிறிய எடுத்துக்கோ."