மூன்றும் சேர்ந்த கீபோர்டு

சத்தி ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோள்பையின் ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. கீபோர்டின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் எதிரே வந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கியே போனார்கள்.

சரவணம்பட்டியில் நான் தங்கியிருந்த மாடி அறையிலிருந்து என்னை யாரும் போகச் சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா முதலில், "ஏனுங்க தம்பி, அது என்னுங்க மேல டக்குடக்குனு?" என்று கேட்டார். டைப் அடிக்கிறேன் என்றேன். "அடிங்க, அடிங்க. தொழிலுங்க" என்றார். இரண்டு நாள் கழித்து, "ராத்திரி ஷிப்டு போற பசங்க பகல்லதானுங்க தூங்கோணும், பாவம்" என்றார். அப்புறம் ஒரு நாள், "உங்களுக்குன்னு தனியா ஒரு எடம் இருந்தா எவ்வளவு சவுரியமா இருக்கும், இல்லீங்களா?" என்று என் நலனை விசாரித்தார். விஷயம் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. காலி செய்கிறேன் என்றதும் அட்வான்ஸைப் பிடித்தம் இல்லாமல் கொடுத்தார். "சத்தம்தானுங்க, வேற ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லி இட்லிப் பொட்டலம் ஒன்றையும் பையில் வைத்தார்.

சத்தம் உண்மைதான். அது ஐ.டி. கம்பெனிகளின் பழைய சாமான்களை வாங்கி விற்கும் குடோனில் கிடைத்த மெக்கானிக்கல் கீபோர்டு. ஒவ்வொரு கீக்கும் அடியில் தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும்; அமுக்கினால் கிளிக் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கும். எனக்கு அதுதான் ஒத்துவந்தது. பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டவன் நான். அந்தச் சமயத்தில் சூலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொஞ்ச நாள் போனேன். பத்தாவது இல்லாததால் பரீட்சை எழுத முடியவில்லை. வேகம் மட்டும் கையில் தங்கிவிட்டது. டைப்ரைட்டரில் பழகிய விரல் குத்தித்தான் அடிக்கும். சாதாரண ரப்பர் கீபோர்டுகள் என்னிடம் சில மாதங்கள்கூடத் தாங்கியதில்லை.

அதற்குப் பிறகு தறி ஓட்டினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். போர்வெல் லாரியோடு வடக்கே போய் வெயிலில் குழாய் தூக்கினேன். திரும்பி வந்து மறுபடியும் தறிக்குப் போய், மறுபடியும் விட்டேன். டைப் அடிக்கும் வேலை தற்செயலாக வந்தது. பேட்டி, சொற்பொழிவு என்று யாராவது பேசியதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கேட்டுக் கேட்டு அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. போனில் பழைய டைப்ரைட்டர் முறையில் தமிழ் தரும் ஒரு செயலியைப் போட்டு, கீபோர்டை ஒயரில் மாட்டி அடிப்பேன். நிழலில் உட்கார்ந்து செய்த முதல் வேலை அது. அதை விட மனம் இல்லை.

அன்று காலை, எனக்கு டைப் வேலை அனுப்பும் பெண்மணி போன் செய்திருந்தார். மறுநாள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வக்கீல் வீட்டில் சொத்துப் பேச்சு. அண்ணனும் தங்கையும். பேசப் பேச உடனே எழுத்தில் வர வேண்டும்.

"ரெக்கார்டு பண்ணக்கூடாதுங்களாம். பண்ணினா சொந்தக்காரங்க போனுக்கெல்லாம் போயிருமுங்க. கம்ப்யூட்டரும் வேண்டாங்கறாரு, கோர்ட்டு மாதிரி ஆயிருதாம். நீங்க போன்லயே அடிப்பீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"அடிப்பேனுங்க."

"அந்த டக்குடக்கு வேண்டாமுங்க. போன வாரம் நீங்க அடிச்சுட்டே எங்கிட்டப் பேசினீங்க, பஸ்ஸு ஓடற மாதிரி இருந்துச்சு. அங்க பேசறவங்களுக்குப் பேச்சு வராதுங்க. நாளைக்குச் சரியா வந்தா வாராவாரம் வேலை இருக்குதுன்னு சொன்னாருங்க."

ஆக, அன்று சாயங்காலத்துக்குள் சத்தம் இல்லாத ஒரு கீபோர்டு வேண்டும். ஒயர் இருந்தால் மேசையில் அசிங்கமாகக் கிடக்கும். தங்க இடம் இல்லாதவன் பையில் அடங்கவும் வேண்டும். கையில் இருந்தது அட்வான்ஸ் பணம்.

காந்திபுரத்தில் மாடி ஒன்றில் இருந்தது கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தார்.

"ஏனுங்ணா, கேம் ஆடறீங்களா?"

"டைப் அடிக்கறேனுங்க."

"டைப்புக்கா இது? பொண்ணு பாக்க டிராக்டர்ல போற மாதிரிங்ணா."

என் தேவையைச் சொன்னேன். அவர் விரலை மடக்கினார். "சின்னதா வேணும். ஒயர் ஆகாது. சத்தம் ஆகாது. நீங்க வச்சிருக்கற காசுக்கு இதுல ரெண்டுதானுங்க கெடைக்கும். எதை உடறீங்க?"

எதையும் விட முடியாது என்றேன். அவர் சிரித்தார், ஆனாலும் எடுத்துப் போட்டார். ஒன்று உள்ளங்கை அகலத்தில் அழகாக இருந்தது. அம்புக்குறி கீகள் இல்லை. அவை வேண்டுமானால் மூலையில் இன்னொரு கீயை அழுத்திக்கொண்டே அமுக்க வேண்டும். எனக்கு மவுஸ் கிடையாது. அடித்ததைத் திருத்த முன்னும் பின்னும் போவதெல்லாம் அம்புக்குறியில்தான். அதை ஒதுக்கினேன். அடுத்ததில் அம்புக்குறி இருந்தது, விலையும் படிந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் செருகுகிற சின்னக் குமிழோடு மட்டும்தான் பேசும், புளூடூத் இல்லை. அந்தக் குமிழைத் தினமும் போனில் தொங்கவிட்டுக்கொண்டு அலைய முடியாது. மூன்றாவதில் எல்லாம் இருந்தது. விலையை அவர் வாயால் சொல்லவில்லை, அட்டையைத் திருப்பிக் காட்டினார். நானும் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன்.

அடுத்து அவர் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு பெட்டியை எடுத்தார். யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது. சின்னது, அம்புக்குறியோடு. புளூடூத் உண்டு. சுவிட்சுகள் சத்தம் அடக்கியவை. "ஒரு கொறைங்ணா. நடுவுல ஒரு கீ, ஒரு தட்டுக்கு ரெண்டு எழுத்து போடுது. அதான் வந்துபோச்சு."

போனில் இணைத்து அடித்துப் பார்த்தேன். ஓர் எழுத்து மட்டும் சில நேரம் இரண்டாக விழுந்தது.

"இது கழட்டி மாட்டற மாடலுங்ணா. சுவிட்சைப் புடுங்கி எடம் மாத்திக்கலாம். நீங்க தொடாத கீ எதுன்னு சொல்லுங்க, கெட்டதை அங்க போட்டுடறேன்."

தமிழ் டைப்பில் சும்மா இருக்கிற கீ என்று அநேகமாக ஒன்றும் கிடையாது. யோசித்து, ஓரத்தில் பேஜ் டவுன் இருப்பதைக் காட்டினேன். அவர் ஒரு கிடுக்கியால் இரண்டையும் பிடுங்கி மாற்றினார். மறுபடி அடித்தேன். எழுத்து ஒழுங்காக விழுந்தது.

ஆனால் சத்தம் வந்தது. பழையது போலக் கிளிக் இல்லை. தொம் தொம் என்று அடியில் இடித்தது.

"அது கீபோர்டு இல்லீங்ணா, நீங்க. குத்தறீங்க. பாதி எறங்குனாலே எழுத்து விழுந்துரும். அதுக்கு மேல நீங்க குத்தறதெல்லாம் தண்டம். தடவுனாப் போதும்."

பழைய கீபோர்டையும் அட்வான்ஸில் பெரும்பகுதியையும் வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்தார். பையின் ஜிப் கடைசி வரை ஏறியது.

சூலூர் பஸ் ஏறினேன். அங்கே நான் முன்பு வேலை பார்த்த தறிக் குடோன்காரர் வீட்டை ஒட்டி ஓர் அறை காலியாக இருக்கும். கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். இல்லை என்று சொல்லவில்லைதான், ஆனால் கேட்டதும் அவர் சொன்னது இது: "படுங்க, படுங்க. காலைல ஷிப்டுக்கு ஒரு ஆளு கொறையுது. அப்பிடியே நின்னுக்கிட்டீங்கன்னா ரூமும் உங்களுதுதானுங்க." நாளைக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். "போயிட்டு வாங்க. ஆகலைன்னா இங்க வந்துருங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை.

அறைக்குச் சுவருக்கு அப்பால் தறிகள் ஓடின. அந்த இரைச்சலில் கீபோர்டின் சத்தம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் காதை விட்டுவிட்டு விரலைக் கவனித்தேன். எழுத்து விழுகிற இடத்தில் விரலை நிறுத்த வேண்டும், அடிவரை போகக்கூடாது. முதலில் வார்த்தைக்கு ஒரு எழுத்து விட்டுப்போனது. சாப்பிட எழுந்தபோதும் திரும்பி வந்தபோதும் அதையே செய்தேன். சுவரில் ஒட்டியிருந்த ஒரு பழைய காலண்டரின் நல்ல நேரம், ராகு காலம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப அடித்தேன். தூங்கப் போகும்போது விரல் பழகியிருந்தது.

மறுநாள் காலை வக்கீல் வீட்டு முன்னறையில் ஒரு வட்ட மேசை. எல்லோருடைய போனையும் அணைத்து ஒரு கூடையில் போட்டிருந்தார்கள். என் போன் மட்டும் மேசை நடுவே ஒரு டம்ளரில் சாய்ந்து நின்றது. ரெக்கார்டு ஆகவில்லை என்பதை வக்கீல் எல்லோருக்கும் திருப்பிக் காட்டினார். அண்ணன் ஒரு நூல் மில் நடத்துகிறவர், வெள்ளைச் சட்டை. தங்கை கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து காலையிலேயே வந்திருந்தார், கைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

பேச்சு தொடங்கியது. நான் அடித்தேன். கடைக்காரர் சொன்னது சரி, சத்தமே இல்லை. மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"அம்மணி, கல்யாணத்துக்கு அப்பா போட்டது போட்டாச்சு. உனக்கே தெரியும்."

"தெரியுங்ணா. நகை போட்டீங்க. நெலத்தைப் பத்தி அன்னிக்கு யாரு பேசுனா?"

"அன்னிக்குப் பேசாம இன்னிக்குப் பேசுனா?"

"இன்னிக்குத்தான் எனக்கு உக்கார நாக்காலி போட்டிருக்கீங்க."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. அப்புறம் தங்கை பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, நான் சொல்றது ஏறுதுங்களா?"

"ஏறுதுங்க."

"ஒண்ணும் கேக்கலையே. எங்க அண்ணன் பேசுனப்பவும் இப்பிடித்தான் சும்மா உக்காந்திருந்தீங்களா, இல்ல நான் பேசறப்ப மட்டுமா?"

அண்ணன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "அதேதான் நானும் பாத்துட்டிருக்கேனுங்க. மில்லுல ஒரு மிசினு நின்னாலும் ஆபீஸ்ல இருந்தே எனக்குத் தெரியும். இவரு ஓடறாரா நிக்கறாரான்னே தெரியலீங்களே. கைய வச்சுத் தடவிட்டிருக்காரு."

அன்று காலை அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. வக்கீல் டம்ளரில் சாய்ந்திருந்த போனை எட்டிப் பார்த்தார். எழுத்து இருந்தது, ஆனால் அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாத அளவு சின்னதாக. "சரிங்க, அடுத்த வாரத்துக்கு வேற மாதிரி ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்று பொதுவாகச் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

எனக்கு அது புரிய இந்த முறை ஒரு வாரம் ஆகவில்லை. சூலூர் அறையும் காலை ஷிப்டும் ஞாபகம் வந்தன. வேண்டுமானால் ஓங்கிக் குத்தியிருக்கலாம், தொம் தொம் என்று சத்தம் வந்திருக்கும். ஆனால் அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? அடித்தது அவர்கள் சொன்னதுதானா என்று அதில் தெரியாது. "அடிச்சதைப் படிக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

வக்கீல் தலையை ஆட்டினார்.

தங்கை கடைசியாகச் சொன்னதில் முதல் வரியைப் படித்தேன். "தோட்டம் யாருக்குப் போனாலும் தென்புறம் இருக்கற வண்டித்தடம் எனக்கு வேணும். அதை யாரும் மறிக்கக்கூடாது."

அண்ணன் தங்கையிடம் திரும்பினார். "அப்பிடியா சொன்னே? தடம் மட்டுமா?"

"நீங்க நான் வாயத் தொறந்ததுமே பேச ஆரம்பிச்சுட்டீங்க. எங்க கேட்டீங்க?"

"தடந்தான்னா அதுல என்ன இருக்குது? நான் தோட்டத்தையே கேக்கறயோன்னு நெனச்சுப்போட்டேன்."

"தோட்டமும் கேக்கறேனுங்ணா. அது அடுத்த வரி. தம்பி, படிங்க."

அடுத்த வரியைப் படித்தேன். அதற்கு அண்ணன் சொன்ன பதிலை அடித்து அதையும் படித்தேன். ஓர் இடத்தில் அவர், "இதை இவ்வளவு கடுசாவா சொன்னேன்?" என்று கேட்டார். ஆமாம் என்று தங்கையும் வக்கீலும் சேர்ந்தே சொன்னார்கள். மாற்றி எழுதச் சொன்னார். முடியாது, சொன்னது சொன்னதுதான், வேண்டுமானால் கீழே இன்னொரு வரி சொல்லுங்கள் என்றார் வக்கீல். அண்ணன் சொன்னார், அடித்தேன், படித்தேன்.

சாப்பாட்டு நேரம் வரை அப்படியே போனது. எதுவும் முடியவில்லை. தடம் மட்டும் முடிந்தது. கீபோர்டைப் பையில் வைத்து எழுந்தபோது வக்கீல் வாசல் வரை வந்து, நாளைக்கும் வரச் சொன்னார். படித்துப் படித்துத் தொண்டை கட்டியிருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.