வரிசையில் ஒரு பொறுப்புத் தலைவர்

எழுத்தாளன் என்றால் உலக விவகாரம் அத்தனையும் தெரிந்திருக்கும் என்பது என் மனைவி வீட்டாரின் நம்பிக்கை. அந்த வீட்டில் எனக்கு விழும் கூடுதல் கரண்டிக் குழம்புக்கு வேறு காரணம் எதுவும் இல்லாததால், நான் அதைக் கலைத்ததில்லை.

அகரத்துக் கால்பந்துக் குழுவின் தலைவர், மகனோடு திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். பொறுப்புத் தலைவராக என் மச்சானை உட்காரவைத்தார்கள். மச்சானோ, மகளைக் கட்டிக்கொடுத்த ஒட்டன்சத்திரத்துச் சம்பந்தியிடம் தன்னைத் தலைவர் என்றே சொல்லியிருந்தார். அந்தச் சம்பந்தி இறுதி ஆட்டம் பார்க்க வருகிறார். மைதான வாசலில் வைக்கும் பிளெக்ஸில், தலைவர்கள் வரிசையில் மச்சான் படம் இல்லாவிட்டால் மானம் போய்விடும். குழுவில் பாதிப் பேர், "பொறுப்பெல்லாம் கணக்குல வராதுப்பா" என்று முறுக்கிக்கொண்டார்கள்.

மச்சான் என்னிடம் வந்தார். "மாப்ள, ஆசியாவுக்கே ஒரு பந்துச் சங்கம் இருக்காம்ல? அங்க பொறுப்புத் தலைவர வரிசையில வச்சிருக்காகளான்னு பாரு. அவுக வச்சா நாமளும் வப்போம்."

மத்தியானம் முழுக்கப் பார்த்தேன். ஆரம்பத்தில் தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் சிலர் எழுந்திருக்கவே இல்லை. ஒருவர் ஒரு நாட்டையே ஆண்டவர், சிலர் அரச குடும்பம். ஒருவர் பாதியில் போக, இன்னொருவர் பொறுப்பேற்க, அடுத்து வந்தவரை முதலில் மிச்சக் காலத்துக்கு மட்டும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு பட்டியலில் பொறுப்பாளரும் தலைவர். இன்னொன்றில் அவர் பிறக்கவே இல்லை. மூன்றாவதில் பெயர் இருந்தது, வரிசை எண் இல்லை. எனக்கு என் வயதே சந்தேகமாகிவிட்டது.

"இருக்காரா, இல்லையா?"

"இருக்காரு மச்சான். இல்லாமயும் இருக்காரு."

"இந்த அறிவ வச்சுக்கிட்டா புத்தகம் எழுதுற?"

பொறுப்பாளர் படத்தோடு இருந்த பட்டியல்தான் எனக்கு அந்தச் சமயத்தில் நியாயமாகப் பட்டது. அதைப் பிளெக்ஸ் கடைக்கு அனுப்பி, "இதே மாதிரி வரிசையா வச்சு, கடைசியில எங்க மச்சானப் போடுங்க" என்று போனில் பேசி அனுப்பினேன். மச்சான் படத்தையும் அனுப்பினேன். எங்கள் குழுவின் பழைய தலைவர்கள் படங்களை அனுப்பவில்லை. அவையும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மைதான வாசலில் ஆசியக் கண்டமே நின்றது. கோட்டு, டை, தலைத்துணி, கண்ணாடி. அவர்கள் தலைக்கு மேல் 'வருக! வருக!' கடைசியில் வெள்ளைச் சட்டையில் கைகூப்பியபடி மச்சான். பிளெக்ஸ் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "நீங்க அனுப்புனத அப்புடியே போட்டுருக்கேண்ணே, நல்லாருக்கா?" என்றார்.

அதற்குள் சம்பந்தி வந்துவிட்டார். செத்த நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இவங்கெல்லாம் யாருங்க?"

மச்சான் தொண்டையைச் செருமினார். "எனக்கு முன்னாடி தலைவரா இருந்தவுக."

"அகரத்துலைங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். சம்பந்தியும் பார்த்தார். "பந்துச் சங்கத்துலங்க" என்றேன்.

"அல்லாருமே தலைவருங்களா? வர்ற வழியில ஒருத்தர், இங்க பொறுப்புத் தலைவர்தான் இருக்காருன்னாருங்களே?"

மச்சானின் முகம் சுண்டிப்போனது. நான் வரிசையை இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தேன். பிறகு மச்சானுக்கு முந்தியவருக்கும் முந்தியவரைக் காட்டினேன்.

"அவருதாங்க."

சம்பந்தி அந்தப் படத்தைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.