கோவளத்துத் தண்ணீர்

எலியேசர் அண்ணனை எங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு என்ன வேலை என்று கேட்டால்தான் பாதிப் பேர் முழிப்பார்கள். நுண்ணுயிரியல் துறையில் லேப் அட்டெண்டர் அவர். நான் பக்கத்து அறையில் ஸ்டோர் பார்ப்பவன். பதினாலு வருஷமாக அவர் பார்த்தது பெரும்பாலும் தண்ணீர் சுமக்கிற வேலைதான். பத்து லிட்டர் கேன் இரண்டோடு பெருங்களத்தூரில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கோவளம் போவார். முழங்கால் அளவு இறங்கிக் கடல் தண்ணீரை மொண்டு வருவார். கேனில் மண்ணெண்ணெயா என்று மோந்து பார்க்காத கண்டக்டர் கிடையாது. வயது ஐம்பத்தேழு.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்காக. ஆராய்ச்சி மாணவி ரோஹிணி அவற்றில் மருந்து தேடிக்கொண்டிருந்தாள். பீர்க்கன்கரணை ஏரி மண்ணிலிருந்து ஒரு கூட்டம், கோவளத்துக் கடல் சேற்றிலிருந்து ஒரு கூட்டம். இரண்டும் சுரக்கும் ரசாயனங்களை ஒப்பிட வேண்டும். நிலத்து மண்ணை உலகமே எழுபது எண்பது வருஷமாகக் கிளறியாகிவிட்டது. அதில் எது கிடைத்தாலும் பெரும்பாலும் யாரோ ஏற்கெனவே பெயர் வைத்த சரக்காகத்தான் இருக்கும். கடல் சேறு அப்படியில்லை. கோவளத்துத் தண்ணீரில் வளர்த்த அவளுடைய கடல் கிருமி ஒன்று ஆரஞ்சு நிறத்தில் எதையோ சுரந்தது. சீழ் பிடிக்க வைக்கிற கிருமி அதன் பக்கத்தில் வளரவே இல்லை. எந்தப் பட்டியலிலும் அந்தப் பொருள் இல்லை. ஆறு வருஷ உழைப்புக்கு அவள் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

போன நவம்பரில் ஆரஞ்சு நின்றுபோனது. கிருமி கொழுகொழுவென்று வளர்ந்தது, ஆனால் வெளுப்பாக. மருந்து சொட்டுக்கூட இல்லை. பதினொரு முறை திரும்பச் செய்தாள். கண்ணாடிக் குடுவைகளைத் தானே கழுவினாள், கிருமியின் தீனியை மாற்றினாள், தன் கையையே சந்தேகப்பட்டாள். தண்ணீரை மட்டும் சந்தேகப்படவில்லை. அது எலியேசர் அண்ணன் கொண்டுவந்ததாயிற்றே.

மார்ச்சில் உதவித்தொகை முடிகிறது. வழிகாட்டி சாம்பசிவன் சார் அவளைக் கூப்பிட்டு, கடலை விட்டுத் தள்ளு, ஏரிக் கிருமிகளை மட்டும் வைத்து எழுதி முடி என்றார். அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். அவள் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்தை ஒரு தலையாட்டலில் முடிப்பார்களா?

காபி கொண்டுபோன எலியேசர் அண்ணனும் இதைக் கேட்டார். நேராக ஸ்டோருக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏரிக் கிருமி குழாய்த் தண்ணீரிலேயே நன்றாகத்தானே மருந்து கொடுக்கிறது என்று கேட்டார். அதற்குப் போதும், கடல் கிருமிதான் முரண்டு பிடிக்கும், வெறும் உப்பில் வளர்ந்தாலும் மருந்து சுரக்காதாம், கடல் தண்ணீரில் உள்ள மற்றதெல்லாமும் வேண்டுமாம் என்று ரோஹிணி சொன்னதைச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

மறுநாள் மதியம் டிபன் டப்பாவை மூடிவிட்டு அவளிடம் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. நாலு மாசமா நான் கோவளமே போகல. முட்டி தாங்கல."

"அப்ப கேன்ல இருந்தது?"

"நம்ம போர் தண்ணி. கல்லுப்பு போட்டு, நாக்குல வெச்சுப் பாத்து, அதே கரிப்பு வர்ற வரைக்கும் கலக்கினேன். உப்புத் தண்ணிதானேன்னு நெனச்சேன்."

அவள் கேனைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயிருப்பேனேண்ணா."

மறுநாள் காலையில் தன் ஸ்கூட்டியில் கோவளம் போய் வந்தாள். ஒன்பதாம் நாள் குடுவையில் ஆரஞ்சு இறங்கியது. பாவம், நின்றபடியே அழுதுவிட்டாள்.

நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணா என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை. முட்டிக்குத் தைலம்கூட வாங்கிக் கொடுத்தாள். ஆனால் கேன் இரண்டும் இப்போது அவள் ஸ்கூட்டியோடுதான் இருக்கின்றன. போன திங்கட்கிழமை வாசலில் அவர், முட்டி பரவாயில்லை, நானே போய்வருகிறேன் என்று கை நீட்டினார்.

"வேணாம்ணா, நான் பாத்துக்கறேன்" என்றாள், சிரித்தபடியே.

பதினாலு வருஷம் அந்தக் கேனைத் திட்டித் தீர்த்த மனுஷன், வண்டி போன பிறகும் நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.