எப்போது வரைக்கும் என்று சொல்லாமல் வேண்டிக்கொண்டேன்

எனக்கு நாள் தள்ளிப் போய்விட்டது. பிள்ளை வரம் கேட்டு நிற்கிறவர்களுக்கு அது இனிப்பான செய்தி. எனக்கோ தலையில் இடி. அந்த இடியை எங்கள் மாரியம்மா எப்படிச் சிரிப்பாக மாற்றினாள் என்பதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் கை பரபரக்கிறது. அவளை நம்புகிற சகோதரிகளே, கேளுங்கள்!

நான் சிக்கல் பக்கத்து ஊர்க்காரி. மிளகாய்க் காடுதான் எங்களுக்கு எல்லாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கெடுத்தாலும் பயம். வீட்டுக்காரர் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால்கூட என்ன ஆனதோ என்று வாசலுக்கு ஓடிவிடுவேன். இரண்டும் பெண் பிள்ளைகள். சின்னவள் ஆபரேஷனில் பிறந்தாள். அப்போது எனக்கு ரத்தம் நிற்கவே இல்லை. பிழைத்ததே அம்மா போட்ட பிச்சை. "இப்போதைக்கு இன்னொரு பிள்ளை கூடாது, உயிருக்கு ஆபத்து. உடம்பு தேறட்டும், பிறகு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ளலாம்" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். சின்னவள் நடக்க ஆரம்பித்த பிறகு கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். அட்டையில் முதலில் வெள்ளை மாத்திரைகள், கடைசி வரிசையில் செங்கல் நிற மாத்திரைகள். செங்கல் நிறம் போடும் நாட்களில் தீட்டு வந்துவிடும்.

உயிர் பிழைத்ததற்காக இந்த ஆடியில் முளைப்பாரி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். பார்த்தால் தீட்டு சரியாகத் திருவிழாவில் வந்து நிற்கும் போலிருந்தது! என் அண்ணன் மனைவி, மதினி, எங்கள் ஊரிலேயே அடுத்த தெரு. அவள்தான் வழி சொன்னாள்.

"செங்கக் கலர விட்டுட்டு அடுத்த அட்டை வெள்ளைய ஆரம்பிச்சிரு. போன வருசம் நான் அப்படித்தான் எடுத்தேன்."

அப்படியே செய்தேன். மாத்திரையை மட்டும் நம்ப மனமில்லை. காப்புக் கட்டிய அன்று அம்மா முன்னால் கண்ணை மூடி, "நாள் தள்ளிப் போகணும் தாயே" என்று உருகி வேண்டினேன். தள்ளிப் போனது. குலவைச் சத்தத்துக்கு நடுவே முளைப்பாரி சுமந்து போய் ஊருணியில் கரைத்தேன். மனசெல்லாம் குளிர்ந்தது.

திருவிழா முடிந்து குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடி வந்தோம். அங்கே சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தும் வாந்தி நிற்கவில்லை. மாத்திரை போட்ட சூட்டிலேயே அதுவும் வெளியே வந்துவிடும். போட்டாச்சே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு உடம்பு சரியானது. விரதம் முடிந்த வீடு, புருசன் பெண்டாட்டி. அதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

வெள்ளை மாத்திரை தீர்ந்தது. செங்கல் நிறம் ஆரம்பித்தேன். தீட்டு வரவில்லை. மதினியிடம் போய் நின்றேன்.

"ஆத்தாகிட்ட என்னன்னு வேண்டுன?"

"நாள் தள்ளிப் போகணும்னு."

"எப்ப வரைக்கும்னு சொன்னியா?"

"சொல்லலையே மதினி."

"போச்சு போ! அதான் அவ பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே இருக்கா" என்று கைகொட்டிச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் வாந்தியில் போன மாத்திரைகள் ஞாபகம் வந்தன. செத்தேன் என்று நினைத்தேன். இரண்டு பிள்ளைகளும் தாயில்லாமல் நிற்கிற மாதிரி கண்ணில் தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு நீ வேணும் புள்ள" என்றார்.

காட்டு வரப்பில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். "தாயே, நான் கேட்டது திருவிழாவுக்கு மட்டும்தான். வாய் தவறிப் பொதுவாகக் கேட்டுவிட்டேன். என் பிள்ளைகளுக்கு நான் இருக்க வேண்டும். ஒரு வழி காட்டு." சொல்லி முடிக்கவில்லை, பளிச்சென்று கடலாடி ஆஸ்பத்திரி நர்ஸம்மா நினைவு வந்தது! இவ்வளவு நாளும் வராத நினைவு. அம்மா கொடுத்த புத்தி அல்லாமல் வேறென்ன?

மறுநாளே இரண்டு பேரும் கடலாடிக்குப் போனோம்.

"எந்த ஊரு?" என்றார் நர்ஸம்மா.

"சிக்கல் பக்கம்ங்க."

"அதான் சிக்கலோட வந்திருக்கியாக்கும். அழாமச் சொல்லு."

எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். இரண்டு அட்டை வெள்ளையைத் தொடர்ந்து போட்டால் தீட்டு தாமதமாகலாம், குறைவாகப் படலாம், வராமலும் போகலாம். அதில் பயமில்லை. ஒழுங்காகப் போட்டால் இந்த மாத்திரை நன்றாகவே தடுக்கும். ஆனால் போட்டவுடன் வாந்தியில் வந்துவிட்டால் அது போடாத கணக்குதான். உடனே இன்னொன்று போட்டிருக்க வேண்டும். "இதையெல்லாம் வந்து கேக்க மாட்டீகளா?" என்று அதட்டிவிட்டு, சிறுநீரில் பரிசோதனை செய்தார். ஒரே கோடு. கர்ப்பம் இல்லை! அடுத்த அட்டையை வழக்கம்போல ஆரம்பிக்கச் சொன்னார். தீட்டு வராவிட்டால் மறுபடி ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார்.

வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "ஆம்பளைக்கும் ஆபரேசன் உண்டாம்ல? இவளுக்கு எதுக்கு மறுபடியும் கத்தி? நான் பண்ணிக்கிறேன்" என்றார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன்.

ஆனாலும் என் பயம் என்னை விடுமா? கோடு பொய் சொன்னால்? வெள்ளிக்கிழமை தேங்காய்த் தட்டோடு மதினியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசல் மிதிப்பதற்கு முன்னால், தெருவிலேயே, அடிவயிற்றில் சுருக்கென்றது. தெரிந்துவிட்டது எனக்கு! தட்டை மதினி கையில் திணித்துவிட்டு, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன்.

கோயிலில் இருந்த பெண்களெல்லாம் திரும்பினார்கள்.

"யாருக்குத்தா சாமி வந்துருச்சு?"

"அங்கன பாரு, அந்தப் புள்ளைக்கு! வேப்பிலைய எடுத்துட்டு வாங்கத்தா!"

ஒரு பெரியம்மா என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, என் மகனுக்கு எப்பப் பொண்ணு அமையும்?" என்று குறியே கேட்டுவிட்டார்! மதினி சிரித்துச் சிரித்துத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். விஷயத்தை அவள் ஒருத்தி காதில் சொல்ல, அது அடுத்தவள் காதுக்குப் போக, ஆளாளுக்குக் குலவை போட்டார்கள். தீட்டுக்குக் குலவை வாங்கியவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான்.

வீட்டுக்காரர் சொன்னபடியே ஆபரேஷன் செய்துகொண்டார். பரிசோதித்துச் சரி என்று சொல்லும் வரை என் மாத்திரை தொடர வேண்டுமாம். தொடர்கிறேன். வாந்தி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது நான்தான் மற்றப் பெண்களுக்குச் சொல்கிறேன். பயம் இன்னும் உண்டு. ஆனால் அதை மடியில் கட்டிக்கொண்டு அலைவதில்லை, வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள் சகோதரிகளே. அம்மாவிடம் விவரமாகக் கேளுங்கள். அவள் யாரிடம் போகச் சொல்கிறாளோ அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கைவிட மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குள் போகவில்லை. அவள்தான் தெருவுக்கு வந்தாள்.