போடாத சொட்டு

என் மகளுக்கு இரண்டாம் வகுப்பிலேயே கண்ணாடி வந்துவிட்டது. நான்காம் வகுப்புக்குப் போனபோது பவர் மைனஸ் மூன்று. அந்த ஆண்டு, 2010இல், பள்ளி திறந்த மாதத்தில் கடலூரிலிருந்து அவளைச் சிதம்பரத்தில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம்.

"பவர் ஏறுறத முழுசா நிறுத்த முடியாது. வேகத்தக் கொறைக்க ஒரு சொட்டு மருந்து இருக்கு. வெளிநாட்டுல பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பாக்குறாங்க. இங்க அந்த அளவுல கெடைக்காது, நானே கலந்து தர்றேன்" என்றார். வெயிலில் கண் கூசும், பக்கத்தில் இருக்கும் எழுத்து கொஞ்சம் மங்கலாம் என்றும் சொன்னார். "அப்பிடி இருந்தா ஒடனே வந்து சொல்லுங்க. மருந்தக் கொறச்சிக்கலாம், படிக்கத் தனிக் கண்ணாடி குடுக்கலாம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க."

என் மனைவி செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி லேப்பில் வேலை பார்த்தாள். வீடு வந்து சமையலில் இறங்கவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும். மருந்து போடும் பொறுப்பு எனக்கு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மகள் என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். கண்ணுக்கு ஒரு சொட்டு. விட்டதும் மூக்கோரம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். அவள் ஒன்றிலிருந்து அறுபது வரை சத்தமாக எண்ணுவாள்.

நான் கணக்கு வாத்தியார். மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள், எப்போதும் முதல் ரேங்க். இரண்டாவது மாதத் தேர்வில் கணக்கில் அறுபத்தி இரண்டு வாங்கினாள். ஏழை ஒன்றாகவும் எட்டை மூன்றாகவும் பார்த்து எழுதியிருந்தாள். வழிமுறை எல்லாம் சரி, எண்கள்தான் தப்பு. அவளுடைய வகுப்பு டீச்சர் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் பேப்பரை நீட்டி, "சார், ஒங்க பொண்ணு பேப்பர்தான் இது, நம்பவே முடியல" என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

அன்றைக்கே சிதம்பரத்துக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அன்று ராத்திரி மடியில் படுத்தவளிடம், "காலாண்டுப் பரீட்சை முடியிற வரைக்கும் மருந்து வேணாம் பாப்பா. அம்மாகிட்ட சொல்லாத, பயப்படுவாங்க" என்றேன்.

"அப்ப எண்ண வேணாமாப்பா?"

அடுப்படியில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எண்ணு" என்றேன்.

அவள் எண்ணினாள். காலாண்டு முடிந்தது, முதல் ரேங்க் திரும்பி வந்தது. அரையாண்டு வரை பார்க்கலாம் என்று நீட்டினேன். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பாட்டிலை மனைவி எடுத்துப் பார்ப்பாள் என்பதால் தினமும் இரண்டு சொட்டை வாஷ்பேசினில் விட்டுத் தண்ணீரைத் திறந்தேன். மாதம் ஒருமுறை நான் மட்டும் போய்ப் புதுப் பாட்டில் வாங்கி வந்தேன். நான்கு மாதம் இப்படி ஓடியது.

ஆறு மாதச் சோதனைக்கு மூவரும் போனோம். பவர் முக்கால் கூடியிருந்தது. டாக்டரம்மா பழைய சீட்டைப் புரட்டினார். "மருந்து ரெகுலரா போட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விடல மேடம்" என்றேன்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப இது பத்தல" என்று டாக்டரம்மா அளவைக் கூட்டி எழுதினார்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவளும் சின்ன வயதிலிருந்தே கண்ணாடி போடுகிறவள். "எங்க வூட்டுக் கண்ணுதான் இவளுக்கு வந்திருக்கு. மருந்துகூட கேக்கல பாருங்க" என்றாள். பழி அவள் மீதே இருக்கட்டும் என்று விட்டதற்குத்தான் இன்றும் அதிகம் வெட்கப்படுகிறேன்.

புது மருந்தை மனைவியே போட ஆரம்பித்தாள். மகளின் கண்மணி அகலமாக விரிந்து கிடந்தது. காலைப் பிரேயரில் அவள் மட்டும் கையை நெற்றியில் வைத்து நிற்பாள். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் எழுத்து தெரியாமல் அழுதாள். மூன்று மாதம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் கண்ணைப் பற்றி மறுபடியும் புலம்பிய மனைவியிடம் மகளே சொல்லிவிட்டாள்.

"ஒன்னாலன்னு சொல்லாதம்மா. அப்பா மருந்து போடல. நான் சும்மாதான் எண்ணுனேன்."

நான் கூடத்தில் திருத்த வேண்டிய பேப்பர்களோடு உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து வாசலில் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். "கொழந்தைய எதுக்குப் பொய் சொல்ல வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. சீட்டில் பழைய வரியை அடித்துவிட்டு, 'நான்கு மாதம் மருந்து போடவில்லை' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடினார்.

"சார், இந்த மருந்த நான் அஞ்சாறு பிள்ளைங்களுக்குத்தான் குடுத்திருக்கேன். ஒங்க பொண்ணுக்குக் கேக்கலன்னு பாத்துட்டு, கீரப்பாளையத்துலேருந்து வர்ற ஒரு பொண்ணுக்கு நிறுத்தச் சொல்லிட்டேன். அதுக்கு மைனஸ் அஞ்சு."

நான் போய் அவர்களிடம் சொல்கிறேன் என்றேன். "வேணாம், நானே கூப்புட்டுச் சொல்லிக்கிறேன்" என்றார்.

பழைய அளவுக்கே திரும்பினோம். படிப்பதற்குக் கீழ்ப்பாதி வேறாக உள்ள கண்ணாடி கொடுத்தார். முதல் வாரத்திலேயே மகளுக்கு எண்கள் தெளிவாகத் தெரிந்தன. ஏழு மாதத்துக்கு முன்பே வந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் கண்ணாடி அது. அடுத்த சோதனையில் பவர் கால் மட்டும் கூடியிருந்தது. அது மருந்தாலா, வயதாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஏறிய முக்கால் இனி இறங்காது என்பது மட்டும் உறுதி.

அன்று காத்திருக்கும் பெஞ்சில் எங்கள் பக்கத்தில் ஓர் அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் கண்ணாடி பாட்டில் அடி போல் இருந்தது. என் மகள் கையிலிருந்த மருந்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"ஒங்க பொண்ணுக்கும் இதேதானுங்களா? கேக்குதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "இப்ப பரவால்லீங்க" என்றேன்.

"எங்க பாப்பாவுக்கு நடுவுல நிறுத்தச் சொல்லிட்டாங்க. அப்புறம் அவுங்களே கூப்புட்டுப் போடச் சொன்னாங்க. என்னா ஏதுன்னு ஒண்ணும் புரியல. அதுக்குள்ள ஜாஸ்தியாயிடுச்சி. ஒங்க ஊரு எதுங்க?"

"கடலூர்" என்றேன். உள்ளேயிருந்து நர்ஸ் அவர்கள் பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் கால்களை ஒடுக்கி அவர்களுக்கு வழி விட்டேன்.